பின்னங்கால் விழுந்த நாயை நடக்க வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் செல்லப்பிராணிகள் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தன் ஐந்து வயது டாஷ்ஹண்டுக்கு (நீண்ட உடம்பும் குட்டைக் காலும் உள்ள நாய் இனம்) திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். வைட்டமின் ஊசி போடுங்கள், நல்லெண்ணெய் தேய்த்து நீவி விடுங்கள், கால் சூம்பிவிடாமல் இருக்கத் தினமும் கொஞ்ச தூரம் நடக்கப் பழக்குங்கள், பத்து நாளில் எழுந்திருக்காவிட்டால் கருணைக்கொலைதான் நல்லது என்று பதில் போட்டிருந்தீர்கள். மொத்தமே நாலு வரி. அந்த நாலு வரியை நம்பி இன்றைக்கு எத்தனை வீட்டில் ஒரு நாயை இழுத்து இழுத்து நடக்க வைத்துக்கொண்டிருப்பார்களோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கேள்வி கேட்டவரின் முகவரி உங்களிடம் இருக்கும். இந்தக் கடிதத்தைப் போடுகிறீர்களோ இல்லையோ, முதலில் அவருக்கு ஒரு போன் செய்து, நாயை நடக்க வைக்க வேண்டாம், நீவ வேண்டாம், இன்றே ஒரு நல்ல கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் ஜூலியும் டாஷ்ஹண்ட்தான். அவளுக்கும் இதே மாதிரி முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய், பல மாதம் பராமரித்து எழுந்தவள். இப்போது நடக்கிறாள், கொஞ்சம் இடுப்பு ஆடும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தால்தான் ஏன் நடக்க வைக்கக் கூடாது என்பதும் புரியும். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் நுங்கு மாதிரி: வெளியே கெட்டியான வளையம், உள்ளே வழவழப்பான சதை, நாய் குதிக்கும்போதும் ஓடும்போதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தச் சதைதான். டாஷ்ஹண்ட், பீகிள், ஷிட்சு, லாசா அப்சோ, பெகினீஸ், காக்கர் ஸ்பேனியல், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களுக்கு இந்தச் சதை குட்டியாக இருக்கும்போதே, பெரும்பாலும் ஒரு வயதுக்குள், முற்றத் தொடங்கிவிடுகிறது. முற்றிய நுங்கு எப்படியோ அப்படித்தான், நெகிழ்வு போய் இறுகிவிடும், சிலதில் சுண்ணாம்பு படிந்துவிடும். அப்புறம் ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போதோ, ஒன்றுமே செய்யாமல் சும்மா திரும்பும்போதோ வளையம் கிழிந்து, உள்ளே இறுகியிருந்தது மேல்பக்கமாகப் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். அதனால்தான் காலையில் ஓடிக்கொண்டிருந்த நாய் சாயங்காலம் பின்னங்காலை இழுக்கிறது. வெடித்த மாதிரி பிதுங்குவது ஒரு வகை, வயதான பெரிய நாய்களில் மெதுவாக வீங்கி அழுத்துவது இன்னொரு வகை என்று ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்சன் என்ற கால்நடை மருத்துவர் 1950-களின் தொடக்கத்திலேயே பிரித்து எழுதிவிட்டார். இன்றைக்கும் டாக்டர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் முதல் வகை, இரண்டாம் வகை என்கிறார்கள்.

இது பரம்பரையாக வருவது. FGF4 என்கிற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று நாயின் 12-ஆவது குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதுதான் டிஸ்க் சீக்கிரம் முற்றுவதற்கு முக்கியக் காரணம் என்று 2017-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். டாஷ்ஹண்டுகளில் ஐந்தில் ஒன்றுக்காவது வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினை வருகிறது, அதுவும் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வயதுக்குள். நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீண்ட கால் நாய்களுக்கு இந்த வகைச் சிக்கல் அபூர்வம். ஆக வீட்டில் குட்டைக்கால் நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும், இன்றைக்கு அது துள்ளிக்கொண்டிருந்தாலும், இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பதிலில் இருந்த "நடக்கப் பழக்குங்கள்" என்பதற்கு வருகிறேன். வளையம் கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாகக் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. நாய் நடந்தால், திரும்பினால், குதித்தால், உள்ளே மிச்சமிருப்பதும் வெளியே வந்து அழுத்தும். நேற்று வெறும் வலியோடு இருந்த நாய் இன்று தள்ளாடுவதும், தள்ளாடிய நாய் இழுப்பதும், இழுத்த நாய்க்கு உணர்வே போய்விடுவதும் இப்படித்தான். கிழிந்த இடம் தழும்பு கட்டி மூடுவதற்கு வாரக் கணக்கில் ஆகும், அதற்கு ஒரே வழி அசையாமல் வைப்பது. ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்தப் பார்க்கும் நாய்களைக் குறைந்தது 4 வாரம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில் இருக்கிறது. பல டாக்டர்கள் 6 வாரம், 8 வாரம் என்றுகூடச் சொல்வார்கள். எண்ணெய் போட்டு முதுகை நீவுவது, கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோய் இடுப்பைச் சுளுக்கெடுப்பது எல்லாம் இந்த நேரத்தில் செய்யவே கூடாதவை.

டாக்டரிடம் போனால் அவர் பார்க்கிற முதல் விஷயம், நாய்க்குக் காலில் ஆழமான வலி தெரிகிறதா என்பது. விரலை இடுக்கியால் அழுத்திப் பிடிப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும், ஆனால் நாயின் எதிர்காலம் முழுக்க அந்த ஒரு சோதனையில் இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டால் வலி தெரிகிறது என்று அர்த்தமில்லை, அது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்கிற வேலை, மூளைக்குச் சேதியே போயிருக்காது. தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்படிச் செய்தால் நம்பிக்கை நிறைய இருக்கிறது. நடக்க முடியாவிட்டாலும் ஆழ்ந்த வலி தெரிகிற நாய்களுக்கு ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது அளவுக்கு மறுபடி நடக்கின்றன. வலியே தெரியாத நிலைக்குப் போன நாய்களில்கூட, ஆபரேஷன் செய்தால் ஏறத்தாழ பாதி எழுந்துவிடுகின்றன. வலி மட்டும் இருக்கிற, அல்லது தள்ளாடித் தள்ளாடியாவது நடக்கிற நாய் என்றால் ஆபரேஷன் இல்லாமலே, சரியான ஓய்வும் வலி மருந்தும் கொடுத்தால், பத்தில் எட்டு தேறிவிடும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் பத்து நாள் கெடு வைத்தது எனக்குத் தாங்கவில்லை. ஓய்விலேயே விட்டுக் குணமாக்குகிற நாய் எழுந்திருக்க இரண்டு மாதம், மூன்று மாதம்கூட ஆகலாம். பத்தாவது நாளில் எந்த முடிவும் தெரியாது.

கருணைக்கொலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலி உணர்வு முழுதும் போன நாய்களில் பத்தில் ஒன்றுக்கோ இன்னும் கொஞ்சம் அதிகமாகவோ தண்டுவடமே கரைந்துபோகத் தொடங்கி, அந்தச் சேதம் மேல்நோக்கி ஏறும். பின்னங்கால் துவண்டு, வயிறு தளர்ந்து, பிறகு முன்னங்காலும் விழுந்து, கடைசியில் மூச்சு விடவே முடியாமல் போகும். பெரும்பாலும் முதல் ஒரு வாரம், பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். அந்த நிலையில் நாயை வதைபட விடாமல் அனுப்பிவைப்பதுதான் அன்பு. ஆனால் அது டாக்டர் தொட்டுப் பார்த்து, உறுதி செய்து எடுக்க வேண்டிய முடிவு. நாளிதழில் நாலு வரியில் சொல்வது அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னங்கால் விழுந்ததெல்லாம் டிஸ்க் இல்லை. வெறிநோயிலும் கால் துவளும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயிலும் துவளும், அடிபட்டு எலும்பு முறிந்தாலும் விழும். தடுப்பூசி போடாத நாயோ தெருநாயோ இப்படி விழுந்தால் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், டாக்டரிடம் தடுப்பூசி விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள். வலியில் இருக்கிற நாய், நம் நாயாகவே இருந்தாலும், தூக்கும்போது கடிக்கும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், முதுகு நேராக இருக்கும்படி தூக்க வேண்டும். வண்டியில் கொண்டுபோகும்போது மடியில் வளைத்து வைக்காமல் ஒரு பலகையிலோ அட்டைப் பெட்டியிலோ படுக்க வைத்துக்கொண்டு போவது நல்லது. நிலைமை சில மணி நேரத்தில் மோசமாகிவிடக்கூடும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரை விஷயம். நமக்கு மூட்டு வலிக்கு வைத்திருக்கிற டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், காய்ச்சலுக்கு வைத்திருக்கிற பாரசிட்டமால் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண், ரத்தப்போக்கு, சிறுநீரகமும் ஈரலும் கெடுவது என்று டிஸ்கை விடப் பெரிய ஆபத்தில் போய் முடியும். டாக்டர் கொடுக்கிற வலி மருந்திலும் ஸ்டீராய்டும் மெலாக்ஸிகாம் போன்ற மற்ற வகையும் ஒரே சமயத்தில் போகக் கூடாது. ஒரு டாக்டரிடம் ஒரு ஊசி போட்டுவிட்டு மறுநாள் வேறு டாக்டரிடம் போகிறவர்கள் நம் ஊரில் அதிகம், அப்படிப் போனால் முந்தின நாள் என்ன ஊசி என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே தெரிவியுங்கள். நரம்பு வலிக்குத் தருகிற கபபென்டின் மருந்தைத் திரவமாகக் கொடுத்தால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாட்டிலில் பாருங்கள், அது நாய்க்கு விஷம்.

சரி, வீட்டுப் பராமரிப்புக்கு வருகிறேன். மருந்துச் சீட்டு எழுதத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்கிறவர்கள் குறைவு. "ரெஸ்ட்ல வைங்க" என்று ஒரு வார்த்தை. ரெஸ்ட் என்றால் நாம் நினைப்பது வெளியே கூட்டிப் போகாமல் வீட்டுக்குள் இருப்பது. இந்த நோய்க்கு அது போதவே போதாது. கூண்டுதான். எழுந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும், ஓடவோ தாவவோ இடம் இருக்கக் கூடாது. மூத்திரம், மலம், மருந்து இதற்கு மட்டும் வெளியே, மற்ற இருபத்துநாலு மணி நேரமும் உள்ளே. சோறும் தண்ணீரும் உள்ளேயே. மடியில் வைத்துக்கொள்வது, கட்டிலில் பக்கத்தில் படுக்கவைப்பதுகூட வேண்டாம், ஒரு நொடியில் குதித்துவிடும்.

இது சொல்வது சுலபம், செய்வது கஷ்டம், அதுவும் நம் வீடுகளில். வருகிறவர் போகிறவர் எல்லாம் "ஐயோ பாவம், இப்படி அடைத்துப் போட்டிருக்கீங்களே" என்பார்கள். என் மாமியாருக்கே முதலில் மனசு கேட்கவில்லை. அப்புறம் டாக்டர் படம் போட்டு விளக்கினதும், அவர்தான் கூண்டை ஹாலில், தான் காய்கறி நறுக்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லி, பகல் முழுக்கப் பேச்சுத்துணையாக இருந்தார். இது பெரிய விஷயம். பின்கட்டில், மாடிப்படிக்கு அடியில் தனியாகப் போட்டால் நாய் கத்தும், கம்பியைப் பிறாண்டும், அந்த உதறலே முதுகுக்குக் கெடுதல். ஆட்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் பாதி சமாதானமாகிவிடும். மெல்லுவதற்கு ஏதாவது கொடுக்கலாம், சோற்றைக் கிண்ணத்தில் போடாமல் நக்கிச் சாப்பிடுகிற தட்டில் தடவிக் கொடுத்தால் நேரம் போகும். ரொம்ப அமைதியில்லாமல் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், அமைதிப்படுத்த மருந்து இருக்கிறது. தீபாவளி சமயத்தில் இது வந்தால் பட்டாசுக்கு முன்பே அந்த மருந்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், சத்தத்துக்கு மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான காலம் எது என்று என்னைக் கேட்டால் இரண்டாவது வாரம் என்பேன். மருந்தில் வலி அடங்கிவிடும், வாலை ஆட்டும், எழுந்து நிற்கப் பார்க்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கதவைத் திறந்து விட்டுவிடத் தோன்றும். வெளியே வலி இல்லை, உள்ளே கிழிசல் அப்படியேதான் இருக்கிறது. மறுபடி பிதுங்கினால் முதல் தடவையை விட மோசமாக இருக்கலாம். ஆக, நாய் நன்றாகத் தெரிகிறது என்பதற்காக நாளைக் குறைக்காதீர்கள், டாக்டர் சொன்ன வாரக் கணக்கு முடியும் வரை கூண்டுதான்.

அடுத்து மூத்திரம். இதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை, நாய்கள் இதில்தான் கெட்டுப்போகின்றன. பின்னங்கால் முழுதும் விழுந்த நாய்க்குப் பெரும்பாலும் தானாக மூத்திரம் போக முடியாது. பை நிரம்பி நிரம்பி, தாங்க முடியாமல் சொட்டுச் சொட்டாக வழியும். துணி நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு "நன்றாகப் போகிறதே" என்று நினைத்துக்கொள்வார்கள், உள்ளே பை தேங்காய் அளவுக்கு நிற்கும். அப்படியே விட்டால் பையின் தசை விரிந்து பலமிழந்துபோகும், கிருமி தொற்றும், சிறுநீரகம் வரை ஏறும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை, ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாமே வயிற்றை அழுத்தி எடுக்க வேண்டும். பின்தொடைக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரண்டு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்து, உள்ளே உருண்டையாகத் தட்டுப்படுகிறதைக் கண்டுபிடித்து, மெதுவாக ஒரே சீராக அழுத்தி வால் பக்கமாகத் தள்ள வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் ஆபத்து. இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது, டாக்டர் உங்கள் கை மேல் தன் கையை வைத்துக் காட்ட வேண்டும், நீங்கள் அவர் முன்னாலேயே ஒரு முறை செய்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போதும் அப்படித்தான். பையின் வாசல் இறுகிப்போய் எவ்வளவு அழுத்தினாலும் வரவில்லை என்றால் அதைத் தளர்த்த மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள், பலம் காட்டாதீர்கள். நிறம் கலங்கினாலோ ரத்தம் கலந்தாலோ நாற்றம் மாறினாலோ பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். இந்த நாய்களுக்குத் தொற்று அடிக்கடி வரும், ஆனால் உணர்வில்லாததால் எரிச்சலைக் காட்டாது.

மலம் அவ்வளவு தொந்தரவு இல்லை, பெரும்பாலும் தானாகவே போய்விடும், எங்கே போகிறது என்பதுதான் தெரியாது.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இன்னும் சில கவலைகள் உண்டு, வெளிநாட்டில் எழுதுகிற குறிப்புகளில் இதெல்லாம் அவ்வளவாக இருக்காது. ஈரத்தில் படுத்தே கிடந்தால் தொடையும் வயிறும் வெந்து சிவந்துவிடும், அதில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், ஒரே நாளில் வைத்துவிடும். அதனால் நனைந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகத் துவட்டி, விரிப்பை மாற்ற வேண்டும், டாக்டர் சொல்கிற களிம்பைத் தடவலாம். தொடைப்பக்கத்து நீள முடியைக் கத்தரித்துவிடுவது நல்லது. டயபரை நாள் முழுக்க மாட்டி வைக்காதீர்கள். எறும்பைத் தடுக்கக் கூண்டுக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கலாம், உணர்வில்லாத காலில் எறும்பு மொய்த்தால் நாய்க்குத் தெரியவே தெரியாது. திரும்பிப் படுக்க முடியாத நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நாம் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு எலும்பு படுகிற இடத்தில் புண் வந்து ஆறவே ஆறாது. அடியில் கனமான மெத்தை வேண்டும், மேலே சீக்கிரம் காய்கிற துணி. மரத்துப்போன பாதத்தைச் சில நாய்கள் கடித்தே தின்றுவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

நடைப் பயிற்சி வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் காலம் பார்த்து. படுத்த நிலையிலேயே கால் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுவது, பாதத்தைத் தடவிக் கூச்சம் காட்டுவது போன்றவற்றை டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து செய்யலாம், அதில் முதுகு வளையாது. மூத்திரத்துக்குத் தூக்கும்போது ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இடுப்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அது தாங்கல்தான், பயிற்சி அல்ல. ஓய்வுக் காலம் முடிந்த பிறகு சில நிமிட நடையில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், எப்போதும் கயிற்றோடுதான். கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பெல்ட். ஆபரேஷன் செய்த நாய்க்குப் பயிற்சி சீக்கிரமே தொடங்கும், அங்கே அழுத்துகிற பொருளை எடுத்துவிட்டதால் கணக்கு வேறு. நீச்சல், லேசர் என்று காசு கேட்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீச்சல் சில நாய்களுக்கு உதவும், ஆனால் வசதியில்லாதவர்கள் அதைச் செய்ய முடியவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. கூண்டும், மூத்திரமும், புண் வராமல் பார்ப்பதும் ஒழுங்காக நடந்தாலே பெரிய காரியம் நடந்துவிட்டது.

உணர்வு முதலில் திரும்பும், அப்புறம் நம்மைப் பார்த்ததும் வால் அசையும், அப்புறம் கால் லேசாக உந்தும், நிற்கும், தள்ளாடும், நடக்கும். ஜூலி என் பையன் பள்ளி விட்டு வருகிற சத்தத்துக்கு வாலை அசைத்த நாள் எங்கள் வீட்டில் யாரும் வேலை பார்க்கவில்லை. அதற்கு முன்பு ஒரு கிளினிக்கில், எந்தக் கிளினிக் என்று எழுத விரும்பவில்லை, விரலைக்கூட அழுத்திப் பார்க்காமல் "ஊசி போட்டுடலாம், இதுக்கு மேல இதுக்குக் கஷ்டம்" என்றார்கள். வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில், இன்னொருவரிடம் கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகளும் அவற்றோடு சேர்ந்த மருத்துவமனைகளும் இருக்கின்றன. பக்கத்துக் கிளினிக்கில் கைவிரித்தால் அங்கே கொண்டுபோங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது, எலும்பும் சுண்ணாம்பு படிந்த டிஸ்கும்தான் தெரியும். எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று சரியாகப் பார்க்க எம்ஆர்ஐயோ சிடியோ வேண்டும், ஆபரேஷனுக்கு முன் அது அவசியம், செலவும் அதில்தான் அதிகம். முடியாதவர்களுக்கு ஓய்வுச் சிகிச்சை என்கிற வழி இருக்கிறது, அதுவும் மரியாதையான சிகிச்சைதான், பணமில்லாதவர் செய்கிற சமாதானம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைசி வரை நடக்காமலே போகிற நாய்களும் உண்டு. அவற்றுக்கும் பின்பக்கம் இரண்டு சக்கரம் வைத்த வண்டி செய்யலாம், பிவிசி குழாயில் உள்ளூரிலேயே செய்து கொடுக்கிறார்கள். மூத்திரத்தை வேளை தவறாமல் எடுக்க ஆள் இருந்தால் அவை சந்தோஷமாக வருடக்கணக்கில் வாழ்கின்றன. வண்டியை ஓய்வுக் காலம் முடிவதற்கு முன்னால் மாட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

தேறிய பிறகும் வீட்டை மாற்ற வேண்டியிருக்கும். வழுக்குகிற டைல்ஸ் மேல் ரப்பர் பாய், கட்டிலுக்கும் சோபாவுக்கும் ஏற விடாமல் தடுப்பு, மாடிப்படி என்றால் தூக்கிக்கொண்டு இறங்குவது. எடை முக்கியம். டீக்குப் பிஸ்கட், டிபனுக்கு இட்லி, சாப்பாட்டுக்கு மிச்சச் சோறு என்று வீட்டில் ஆளாளுக்குக் கொடுத்துக் குண்டாக்குவதை நிறுத்த வேண்டும், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும். ஒரு தடவை வந்த நாய்க்கு வேறொரு டிஸ்கில் மறுபடி வரலாம், ஆபரேஷன் செய்யாமல் தேறியவற்றில் அந்த வாய்ப்பு அதிகம், ஆகவே முதுகைக் கூன் போட்டு நின்றாலோ, தூக்கினால் கத்தினாலோ, படி ஏறத் தயங்கினாலோ அன்றே கூண்டில் வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டென்மார்க், பின்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் டாஷ்ஹண்டை இனவிருத்திக்கு விடுவதற்கு முன் இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த டிஸ்க் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அதிகம் இருந்தால் அந்த நாயிடமிருந்து குட்டி எடுப்பதில்லை. இங்கே நாய் வளர்த்து விற்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, ஆனால் அபார்ட்மென்டுக்கு ஏற்ற நாய் என்று விற்கிறவரிடம் தாய் தகப்பனுக்கு முதுகுப் பிரச்சினை வந்ததா என்று வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்தப் பகுதியிலேயே, அதே அளவில், தண்டுவட நோயில் அனுபவமுள்ள ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டாவது, உங்கள் நாளிதழைக் கால்நடை மருத்துவர்களும் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களும் படிக்கிறார்கள், அவர்களிடம் இதன் மூலம் கேட்கிறேன்: பின்னங்கால் விழுந்த நாயோடு வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை வாரம், மூத்திரத்தை எப்படி எத்தனை முறை எடுக்க வேண்டும், எந்த மாத்திரை கூடாது, எந்த அறிகுறி வந்தால் நள்ளிரவானாலும் போன் செய்ய வேண்டும், எந்த எண்ணுக்கு. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், ஏனென்றால் பகலில் வீட்டில் இருந்து இதையெல்லாம் செய்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.